பிரமாணப் பத்திரத்தையும் பேச்சையும் சேர்த்துப் படியுங்கள்

வணக்கம். மேடையில் தம்மை ஏழை விவசாயியின் மகன் என்று சொல்லிக் கண்கலங்கும் சட்டமன்ற வேட்பாளரை நம்பலாமா, அவர்மீது ஐந்து வழக்குகள் இருப்பதாக எதிரணி சொல்கிறதே என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அவர் வேட்புமனுவோடு தாக்கல் செய்த படிவம் 26 என்னும் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எடுத்துப் படியுங்கள். 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் பயனாக, வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அதில் அவர் உறுதிமொழியாகச் சொல்லியாக வேண்டும். வழக்குகளின் எண்ணிக்கையைவிடப் பிரிவுகளே முக்கியம். 2024 ஜூலைக்கு முன்பு நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188 ஆகியவை பெரும்பாலும் மறியல், தடை மீறிய ஆர்ப்பாட்டம் போன்றவற்றுக்குப் போடப்பட்டவை. அதே சட்டத்தின் 420 என்றால் மோசடி, அங்கே நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். முன்பும் போட்டியிட்டவர் என்றால் அந்தப் பழைய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து, வருமான வரிக் கணக்கில் காட்டிய ஐந்தாண்டு வருமானம் இடையில் வாங்கிய நிலத்துக்குப் போதுமா என்று கூட்டிப் பாருங்கள். (மனைவி பெயரில் உள்ள விவரங்களைப் பலர் பார்ப்பதே இல்லை.)

ஏழையாகப் பிறந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது பிறப்பைப் பற்றிய செய்தி, நடத்தைக்குச் சான்று அன்று. பேச்சில் நான் கவனிப்பது, வழக்கைப் பற்றிக் கேட்கும்போது அவர் வழக்குக்குப் பதில் சொல்கிறாரா, கேட்டவரின் சாதியையும் கட்சியையும் இழுக்கிறாரா என்பதைத்தான். அடுத்த தெருமுனைக் கூட்டத்தில் நீங்களே கேட்டுப் பாருங்கள்.