சம்பளம் கூட்டியும் ஏன் வேலையை விட்டு நிற்கிறார்கள்?

கேள்வி: கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். விற்பனைக்கு 9 பெண்கள். தீபாவளி முடிந்ததும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்தேன். அப்படியும் தை முகூர்த்தத்துக்குள் 3 பேர் நின்றுவிட்டார்கள். கேட்டால், "வீட்டுல வேணாங்கறாங்க" என்கிறார்கள். இன்னும் என்னதான் செய்வது?

பதில்: அந்தப் பிள்ளைகள் சொன்னதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். சம்பா அறுவடைப் பணம் புழங்குகிற தை மாதத்தில் உங்கள் கடையில் எட்டரைக்கு ஷட்டர் பாதி இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். விரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கி முடிக்க ஒன்பதே கால். அதற்குள் வலங்கைமான் பக்கம் போகிற பஸ் போயிருக்கும். அப்பாவோ அண்ணனோ வண்டியை எடுத்துக்கொண்டு வந்து கடை வாசலில் காத்து நிற்க வேண்டும். அந்த முக்கால் மணி நேரம்தான் வீட்டில் சண்டையாகிறது. உங்கள் ஆயிரம் ரூபாயால் அதைத் தீர்க்க முடியாது. மடிக்கிற வேலையை முறை வைத்துப் பிரியுங்கள். தூரத்துப் பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள். சட்டப்படி வேலை நேரமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணிதான்.

அடுத்தது ஸ்டூல். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நான் பார்த்த சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் கட்டைப் பை அடுக்கியிருக்கிறது! உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்ற பயமிருந்தால் ஸ்டூல் போட்டும் பயனில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி 1959-ல் ஒன்று சொன்னார். சம்பளம், மேலாளர், வேலையிடம் இவை சரியில்லாவிட்டால் மனம் கசக்கும். சரிசெய்தால் கசப்பு போகும், அவ்வளவுதான். வேலையில் பிடிப்பு வருவது பொறுப்பு, பாராட்டு, செய்து முடித்த நிறைவு இவற்றால். அவர் ஆராய்ந்த முறையைக் குறை சொன்னவர்கள் உண்டு. பொறியாளர் கதை புடவைக் கடைக்கு ஒத்துவருமா என்றும் கேட்கலாம். எனக்கென்னவோ வரும் என்றே படுகிறது.

வாடிக்கையாளர் நாலு தரம் கையில் எடுத்து, நாலு தரமும் வைத்துவிட்டுப் போன கலர் எதுவென்று கல்லாவில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. மூத்த விற்பனைப் பெண்ணுக்குத் தெரியும். அடுத்த முறை சூரத்துக்குச் சரக்கெடுக்கப் போகுமுன் அவரிடம் கேளுங்கள். அவர் சொன்ன கலர் விற்றால், அதை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். புடவை கலைந்து கிடப்பதற்கு வாடிக்கையாளர் எதிரில் அதட்டுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

நின்றுபோன 3 பேருக்கும் உங்கள் வீட்டம்மாவை ஒரு போன் போட்டுப் பேசச் சொல்லுங்கள். உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள்.