மகன் கடுக்கன் போட்டால் மானம் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 66. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரே மகனுக்கு வரும் தையில் கல்யாணம். காலையில் கோயிலில் தாலிகட்டு, இரவு மண்டபத்தில் டின்னர். டின்னருக்கு நல்ல கோட்டு சூட்டு தைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாமாம். மயில்கழுத்துப் பட்டில் பூவேலை செய்த ஜிப்பா போடுவானாம், இரண்டு காதிலும் கடுக்கன் மாட்டுவானாம். "பொம்பளை மாதிரி நிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நான் என் கல்யாணத்துக்கு நண்பரிடம் இரவல் கோட்டு வாங்கிப் போட்டேன். மகனையாவது சொந்தக் கோட்டில் பார்க்க நினைத்தது தப்பா? சொந்தபந்தம் சிரிக்காதா?
— பெயர் வேண்டாம், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நினைத்தது தப்பில்லை ஐயா. கேட்ட வார்த்தைதான் தப்பு. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

கடுக்கன் பெண்கள் நகை என்று உங்களுக்கு யார் சொன்னது? உங்கள் மகனுக்கு மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியிருப்பீர்களே, அது எதற்கு? ஆண் பிள்ளைக்கும் காது குத்தும் வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறோம், அந்தத் துளையில் எதையாவது மாட்டினால் மட்டும் பதறுகிறோம். பினாங்கில் வட்டித்தொழில் செய்த அந்தக் காலத்துச் செட்டியார்களின் படங்களைப் பாருங்கள். மேலே சட்டை கிடையாது. நெற்றியில் திருநீற்றுப் பட்டை, இடுப்பில் வெள்ளை வேட்டி, காதில் கடுக்கன். கடன் கேட்டு அவர்கள் முன்னால் போய் நின்றவர் எவரும் அந்தக் காதைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார். வெள்ளைக்காரன் ஆபீஸும் கிராப்புத் தலையும் வந்தபோதுதான் குடுமியும் கடுக்கனும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

சரி, அந்த வெள்ளைக்காரனாவது வெறுங்காதோடு இருந்தானா? இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் 1649-இல் தலை வெட்டப்படப் போனபோதுகூட ஒரு காதில் முத்துக் கடுக்கன் போட்டிருந்தார். பிரான்சின் பதினான்காம் லூயியை 1701-இல் ரிகோ என்ற ஓவியர் வரைந்த படம் இன்றும் இருக்கிறது. முழங்காலுக்கு மேலே வரை ஏறிய வெள்ளைக் காலுறை, தோளில் புரளும் பொய்முடி, காலில் சிவப்புக் குதியடி வைத்த செருப்பு. அங்கியை ஒதுக்கி, ஒரு காலை முன்னால் நீட்டி, கெண்டைக்காலைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தச் சிவப்புக் குதியடியை அரசவையில் பிரபுக்கள் மட்டும்தான் போடலாம். குதியடியே பாரசீகக் குதிரைவீரர்களிடமிருந்து வந்தது. அங்கவடியில் கால் நழுவாமல் நின்று அம்பு விட அவர்களுக்கு அது தேவைப்பட்டது. இன்றைக்கு ஹை ஹீல்ஸ் என்றதும் நமக்கு யார் ஞாபகம் வருகிறார்கள், பாருங்கள்.

நீங்கள் கேட்கும் கோட்டு இதற்கெல்லாம் பிறகு வந்தது. தலை வெட்டப்பட்ட அந்தச் சார்லஸின் மகன் இரண்டாம் சார்லஸ், மகுடம் மீண்டும் கைக்கு வந்த பிறகு, 1666-இல் தன் அரசவையில் நீளமான உள்கோட்டு ஒன்றைப் புகுத்தினார். அதுவும் கீழைநாட்டுப் பாணியைப் பார்த்துத்தான். இன்று மூன்று பீஸ் சூட்டில் நடுவில் போடும் வெய்ஸ்ட்கோட்டின் தாத்தா அது. ஆனாலும் பட்டும் ஜரிகையும் போகவில்லை. அவற்றை அடித்து விரட்டியது 1789-இல் வந்த பிரெஞ்சுப் புரட்சி. முழங்காலோடு நிற்கும் பட்டுக் காற்சட்டை பிரபுக்கள் போடுவது, கணுக்கால்வரை தொங்கும் காற்சட்டை கூலிக்காரர்கள் போடுவது. புரட்சியின்போது பட்டுக் காற்சட்டையோடு வீதியில் போனாலே ஆபத்து. கடைசியில் கூலிக்காரனின் காற்சட்டை வென்றது. இன்று பிரதமர் முதல் வங்கி மேலாளர் வரை போட்டுக்கொண்டு திரிவது அதைத்தான்.

அதே சமயத்தில் லண்டனில் பிரம்மெல் என்று ஒருவர் இருந்தார். பிரபு குடும்பமில்லை. இருண்ட நிறக் கோட்டு, வெளுத்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் கச்சிதமாகக் கட்டிய துணி, அவ்வளவுதான். வாசனை வேண்டாம், மினுமினுப்பு வேண்டாம், தையல் ஒழுங்காக இருந்தால் போதும் என்று இளவரசரையே தன் பக்கம் இழுத்தார். அப்புறம் கடன் கழுத்தை நெரிக்க 1816-இல் பிரான்சுக்கு ஓடிப்போய், 1840-இல் அங்கேயே நொடித்துப்போய்ச் செத்தார். ஆனால் அவர் போட்ட கோடு அழியவில்லை. ஆண்கள் அலங்காரத்தை மொத்தமாகப் பெண்களிடம் விட்டுவிட்டு, 'அழகு வேண்டாம், பயன் போதும்' என்று ஒதுங்கிக்கொண்டதை 1930-இல் ஃப்ளூகல் என்ற உளவியலாளர் 'ஆண்களின் மாபெரும் துறவு' என்று எழுதினார். எனக்குப் பிடித்த பெயர். காவி கட்டாமலே துறவு!

ஆக, ஆம்பளை என்றால் பளபளக்கக் கூடாது என்பது சுமார் 200 வருடத்துப் பழக்கம். அதுவும் நம் ஊர்ப் பழக்கமில்லை. உங்கள் மகனின் மயில்கழுத்து ஜிப்பா அதற்கு முந்தியது. இந்த விவகாரத்தில் அவனைவிட நீங்கள்தான் புதுமைவாதி!

விளையாட்டு போதும். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடுக்கன் இல்லை. இரவல் கோட்டு.

தோட்டத்தில் காலை இருட்டோடு பிரட்டுக்களத்தில், அதாவது பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், ஆள் நிற்பதை உங்கள் அப்பா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். யார் யார் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. காக்கி அரைக்காற்சட்டை, முழங்கால்வரை காலுறை, தலையில் தொப்பி என்றால் துரை. வெள்ளை முழுக்காற்சட்டை என்றால் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். வேட்டிக்கு மேல் கோட்டும் தலைப்பாகையும் என்றால் கங்காணி. மீதிப் பேர் உடம்பில் ஒட்டுப்பால் நாற்றம். மரத்துப் பால் சட்டையில் பட்டுக் காய்ந்தால் கறுத்து இறுகிவிடும், எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போனாலும் அந்தக் கறை கூடவே வரும். கோட்டு என்பது அங்கே குளிருக்குப் போடும் துணியா என்ன? அந்த வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டேன் என்று சொல்லும் சீட்டு. உங்கள் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு ஒரு நாள் இரவலாகக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் இது இன்னும் கொடுமை. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், அல்லது அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. எத்தனை பெரிய நாதஸ்வர வித்துவானாக இருந்தாலும் தோளில் துண்டோடு வாசிப்பதற்குச் சண்டை போட வேண்டியிருந்தது. ஒரு முழத் துண்டு எந்த இடத்தில் கிடக்கிறது என்பதற்கு அடி விழுந்த காலம் அது.

காந்தியையும் அம்பேத்கரையும் இந்த இடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். காந்தி லண்டனில் படித்தபோது பாண்ட் தெருவில் 10 பவுன் கொடுத்து மாலை விருந்துக்கான சூட்டு தைத்தவர். ஏழைகளிடம் கதர் வாங்கக் காசில்லை என்பதைக் கண்டு, 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் முழு ஆடையையும் விட்டுவிட்டு அரையாடைக்கு மாறினார். அம்பேத்கர் கோட்டு சூட்டு டையோடு நின்றார், இன்று ஊர்தோறும் அவர் சிலைகளும் நீலக் கோட்டோடுதான் நிற்கின்றன. அவர் ஏன் காந்தி மாதிரி எளிமையாக உடுத்தவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கோட்டை முன்பே போட்டுப் பார்த்தவருக்கு அதைக் கழற்றுவது தியாகம். போடவே கூடாது என்று தடுக்கப்பட்ட சமூகத்துக்கு அதைப் போடுவதுதான் போராட்டம். நான் அம்பேத்கர் கட்சி.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. நீங்கள் போட ஆசைப்பட்ட கோட்டை உங்கள் மகன் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறது. ஆபீசுக்கு அதைப் போட்டுப் போட்டு அவனுக்கு அலுத்திருக்கும். அந்த அலுப்பே உங்கள் உழைப்பில் வந்ததுதான், ஆனால் அவனுக்கு அது தெரியுமா? அப்பாவுக்கு ஒரு கோட்டு இரவலாக வந்த கதையை அவனிடம் என்றைக்காவது சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொன்ன மாதிரி தெரியவில்லை. "கோட்டு போடு" என்றீர்கள், அப்புறம் "பொம்பளை மாதிரி" என்றீர்கள். நடுவில் இருந்த கதையை விட்டுவிட்டீர்கள். அதை உட்கார்ந்து சொல்லுங்கள். கோட்டு போட வைக்கும் தந்திரமாகச் சொல்லாதீர்கள், பையன் கண்டுபிடித்துவிடுவான்.

கோட்டு இல்லாமல் டின்னரில் மரியாதை இருக்காது என்ற பயத்துக்கும் இந்த நாட்டில் இடமில்லை. அரசாங்க விருந்து அழைப்பிதழிலேயே 'சூட்டு அல்லது நீளக்கை பாத்தேக்' என்றுதான் போடுகிறார்கள், பாத்தேக் என்றால் இந்த ஊர்ப் பூவேலைத் துணிச் சட்டை. வியாழக்கிழமை அரசு அலுவலகங்களுக்குப் போனால் பூவும் கொடியும் போட்ட சட்டையில் அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் அவர்கள் ஆண்மையைச் சந்தேகிப்பதில்லை. கெந்திங் சூதாட்ட அரங்கில்கூட வெகுகாலம் டை அல்லது நீளக்கை பாத்தேக் என்பதுதான் விதி. இரண்டும் இல்லாமல் வந்தவர்களுக்கு வாசலிலேயே பாத்தேக் வாடகைக்குக் கிடைத்தது. பணத்தைத் தொலைக்கப் போகிறவனுக்கும் ஒரு மரியாதை வேண்டும் போலிருக்கிறது. வேட்டிக்குத்தான் சொந்த மண்ணிலேயே சட்டம் தேவைப்பட்டது. 2014-இல் சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டியதற்காக உள்ளே விடவில்லை. அதே ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அப்படித் தடுப்பது குற்றம் என்று சட்டம் போட்டது.

சிரிக்கப் போகும் சொந்தபந்தத்தில் பாதிப்பேர் உங்கள் வயதுக்காரர்கள்தானே? அவர்களின் 1970-களின் படங்களைக் கொஞ்சம் தேடிப் பிடியுங்கள். தரையைப் பெருக்கும் பெல்பாட்டம், பூப்போட்ட சட்டை, நாய்க்காது காலர், காதை மூடிய முடி. அப்போது சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில் 'நீள முடி வைத்த ஆண்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள்' என்று படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். முடி புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீள முடி. உங்களையும் அன்றைக்கு யாரோ ஒரு பெரியவர் 'ஆணா பெண்ணா தெரியலையே' என்று கேட்டிருப்பார். டின்னரில் எவராவது வாயைத் திறந்தால் அந்தப் படத்தைக் கைப்பேசியில் தயாராக வைத்திருங்கள்.

இப்போது கோட்டு விஷயம். அது உங்களுடைய ஆசை, எனவே நீங்கள் போடுங்கள். மாப்பிள்ளையின் அப்பா டின்னரில் கோட்டு சூட்டோடு வரவேற்பில் நிற்க யாரும் தடை சொல்லப் போவதில்லை. இரவலும் வேண்டாம், வாடகையும் வேண்டாம், அளவு கொடுத்துத் தையுங்கள். 66 வயதில் தோள் கொஞ்சம் இறங்கி, வயிறு கொஞ்சம் ஏறியிருக்கும், கடையில் தொங்கும் கோட்டு அதனால்தான் உட்காராது. தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். மற்றதையெல்லாம் பிறகு பிரித்துச் சரிசெய்யலாம், தோளில் கைவைப்பது பெரிய வேலை. மெல்லிய கம்பளித் துணி கேளுங்கள், பாதி உள்துணியோடு தைக்கச் சொல்லுங்கள், மண்டபத்தில் ஏர்கோன் மக்கர் பண்ணினாலும் தாங்கும். துணி எடுக்க மகனையும் மஸ்ஜிட் இந்தியா பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் ஜிப்பாவுக்குப் பட்டு பார்க்கட்டும், நீங்கள் கோட்டுக்கு நிறம் பாருங்கள். நிறத்தை அவனிடம் விடலாம், இந்த விஷயத்தில் அவன் கண் உங்கள் கண்ணைவிட மேல் என்று தோன்றுகிறது.

கடுக்கனில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சின்ன வயதில் குத்திய துளை பெரும்பாலும் தூர்ந்திருக்கும். மறுபடி குத்தினால் ஆற 6 முதல் 8 வாரம் ஆகும், ஆறுவதற்குள் கனமான கல் கடுக்கனை மாட்டினால் சீழ் வைத்துவிடும். எனவே இந்த மாதமே குத்திக்கொண்டு, அதுவரை சின்னத் தங்கக் குச்சி போட்டிருக்கச் சொல்லுங்கள். குத்திக்கொள்ளப் பயந்தால் அழுத்திப் பிடிக்கும் வகைக் கடுக்கனும் கடைகளில் இருக்கிறது. ஆனால் டின்னர் முடிகிற வரை காது வலிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.