குழந்தைகளோடு பனிமலைக்கு: கேள்வி பதில்

ராணுவ மருத்துவப் பிரிவில் 24 ஆண்டுகள் பணியாற்றி, அதில் பெரும்பகுதியை இமயமலை முகாம்களில் கழித்த நான், இப்போது நீடாமங்கலத்தில் குடியிருக்கிறேன். பனி பார்க்கக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் நம் பக்கத்துக் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கும்பகோணம், ஒரு தாய்: ஐயா, மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஏழு. மார்கழிப் பனிக்கே இருவருக்கும் இருமல் வந்துவிடுகிறது. மணாலிக் குளிரைத் தாங்குவார்களா?

தாங்குவார்கள் அம்மா. குழந்தையை வீழ்த்துவது பெரும்பாலும் குளிர் அல்ல, ஈரம். நாம் வீட்டில் போடும் பருத்திச் சட்டை வியர்வையையும் உருகிய பனியையும் உறிஞ்சிக்கொண்டு உடம்போடு ஒட்டிக்கிடக்கும். அதற்கு மேல் எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் பயனில்லை. உடம்பை ஒட்டித் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத கோட்டு என மூன்று அடுக்கு போதும். மணாலிக்கு அருகே பனி விளையாட்டுக்குப் பெயர்பெற்ற சோலாங் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் கோட்டும் பூட்சும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால், முன்னால் போட்டவரின் ஈரம் பூட்சின் உள்ளே அப்படியே இருக்கும் என்பதால், கையை விட்டுத் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஆளுக்கு மூன்று ஜோடிக் கம்பளிக் காலுறை எடுத்துப் போங்கள்.

என் பேத்திக்கும் அப்போது நான்கு வயதுதான். சோலாங்கில் அரை மணி நேரம் பனியுருண்டை பிடித்து விளையாடியவள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். கையுறையைக் கழற்றினால் உள்ளே சொதசொதவென்று நனைந்திருந்தது. மூன்று விரல்நுனிகள் மெழுகுபோல வெளுத்திருந்தன. தேய்க்கவும் இல்லை, நெருப்பில் காட்டவும் இல்லை. என் கோட்டைத் திறந்து அவள் கையைக் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டேன். சில நிமிடங்களில் சிவப்பு திரும்பியது. அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள். மரத்துப்போன விரலைத் தேய்த்தால் தோல் புண்ணாகும். நெருப்பருகே நீட்டினால் சுடுவதே தெரியாமல் வெந்துபோகும். அரை மணிக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றிப் பாருங்கள். விரல்கள் பிரியாத கையுறையே குழந்தைக்கு நல்லது.

இன்னொன்று: இரவில் மூடிய அறைக்குள் கரியடுப்பு வைக்காதீர்கள்.

திருவாரூர், விவசாயி: அரையாண்டு விடுமுறையில் போனால் பனி கிடைக்குமா, பொங்கலுக்குப் போவது நல்லதா?

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் காற்றழுத்தத்தை நம்பி நாம் இருப்பதுபோல, அவர்கள் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் ‘மேற்கத்திய இடையூறு’ என்ற காற்றுச் சுழற்சியை நம்பியிருக்கிறார்கள். அது வந்தால்தான் பனி பொழியும். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள்களைச் ‘சில்லை கலான்’ என்று கடுங்குளிர்க் காலமாகக் கணக்கிடுகிறார்கள். டிசம்பர் கடைசியில் மணாலி ஊருக்குள் பனி இல்லாமலும் போகலாம். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை வாய்ப்பு அதிகம். ஆனால் அதுதான் உங்களுக்குச் சம்பா அறுவடைக் காலம் என்பதையும் அறிவேன். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு நிம்மதியாகப் பிப்ரவரியில் போங்கள். சிறு வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளியில் நான்கு நாள் விடுப்புக் கேட்பதில் தவறில்லை.

மயிலாடுதுறை, இளம் தம்பதி: எட்டு மாதக் குழந்தையோடு அடல் சுரங்கம் தாண்டிச் சிஸ்ஸுவில் ஓரிரவு தங்கலாமா?

வேண்டாம். காவிரி பிறக்கும் தலைக்காவிரியே 1,300 மீட்டரை எட்டாது. மணாலி சுமார் 2,050 மீட்டர். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தைக் கடந்து சிஸ்ஸுவுக்குப் போனால், அது 3,000 மீட்டருக்கு மேல். சுமார் 2,500 மீட்டருக்கு மேலே, பிராணவாயு போதாமல் உயர நோய் வரலாம். பெரியவர் தலை வலிக்கிறது என்பார்; எட்டு மாதக் குழந்தை அழும், பால் மறுக்கும், தூங்காது. அதைப் பயண அலுப்பு என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். குழந்தைக்கு ஒரு வயதாவது நிரம்பட்டும். அப்போதும் மேலே பகலில் போய்வந்து, இரவுத் தூக்கத்தை மணாலியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனபின் குழந்தை சோர்ந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்குவதுதான் முதல் மருந்து.

தஞ்சாவூர், வாசகர்: டில்லிக்கு எந்த ரயிலில் இடம் கிடைக்கும்?

அது என் துறை அல்ல. முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு தொடங்கும். ரயில் நிலையத்தில் கேளுங்கள்.

திருவையாறு, பெரியவர்: உயரத்தில் மூச்சுத் திணறினால் சூடத்தை முகர்ந்தால் சரியாகும். அமர்நாத் யாத்திரையில் நானே கண்டது. குழந்தையின் சட்டைப்பையில் ஒரு கட்டி வைத்து அனுப்பலாம் அல்லவா?

ஐயா, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. சூடத்தின் வாசம் மூக்கினுள் குளிர்ச்சியைத் தூண்டுவதால் மூச்சு தாராளமாக வருவதாகத் தோன்றும். இரத்தத்தில் பிராணவாயு ஒரு துளியும் அதிகரிக்காது. அந்தத் தோற்றத்தை நம்பி இன்னும் மேலே ஏறுவதுதான் ஆபத்து. குழந்தையின் பையில் வைப்பதோ அதைவிடப் பெரிய ஆபத்து. சூடக்கட்டியும் கற்கண்டும் ஒரு மூன்று வயதுக் குழந்தையின் கண்ணுக்கு ஒன்றே. சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம்.

பாபநாசம், அன்பர்: பெரியவர் சொன்னதில் என்ன பிழை? கோயில் சர்க்கரைப் பொங்கலில் பச்சைக் கற்பூரம் போடுகிறார்களே, எந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்தது?

அண்டாப் பொங்கலுக்கு ஒரு சிட்டிகை என்றால், தொன்னையில் குழந்தைக்கு வருவது எள்ளளவுகூட இல்லை. பூஜைச் சூடமோ உண்பதற்கென்று செய்யப்பட்டதே அல்ல. அதில் ஒரு முழுக் கட்டியைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்வதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

திருவையாறு, பெரியவர்: பெரியவர்கள் கையில் வைத்துக்கொண்டால்?

வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, குழந்தைக்கு எட்டாமல். ஆனால் மூச்சுத் திணறினால் சூடத்தைத் தேடாமல் வண்டியைக் கீழே திருப்புங்கள். இதற்கு மேல் இதில் விவாதிக்க எனக்கு எதுவும் இல்லை.

மன்னார்குடி, வாசகர்: அறைக் குளிருக்கு என்ன செய்வது? விடுதிக்காரர் அங்கீட்டி தருவதாகச் சொல்கிறார்.

அங்கீட்டி என்பது கரியடுப்புதான். முதல் பதிலிலேயே வேண்டாம் என்று சொன்னேன். கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பணிக்காலத்தில் ஒரு விடியற்காலையில், அடைத்த கூடாரத்துக்குள் கரிச்சட்டியோடு படுத்த இருவரைத் தூக்கி வெளியே கிடத்தியவன் நான். தூங்கியபடியே போயிருந்தார்கள். மின்சார ஹீட்டர் உள்ள அறையைக் கேளுங்கள். இல்லையென்றால் ரஜாய் என்ற கனத்த பஞ்சுப் போர்வையும் வெந்நீர்ப் பையும் போதும்.

நாகப்பட்டினம், ஒரு தாய்: பனியில் பிள்ளைகளின் முகம் கறுத்துவிடுமா?

நிறத்தைவிடக் கண்ணைப் பாருங்கள். புதிய பனி புறஊதாக் கதிரில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியும், மோவாய்க்கு அடியிலும் பூசிய சன்ஸ்கிரீனும் அவசியம்.

வேதாரண்யம், வாசகர்: குளிருக்குக் குழந்தைக்கு இரண்டு சொட்டு பிராந்தி?

மூன்றாவது முறையாக இதே கேள்வி வந்திருக்கிறது. கூடாது. மது தோலுக்கு இரத்தத்தை இழுத்து உடம்பின் சூட்டை வெளியேற்றும். கரியடுப்பும் கூடாது, அதையும் கேட்டு எழுதியிருக்கும் அறுவருக்கும் இதுவே பதில்.

திருத்துறைப்பூண்டி, ஒரு தந்தை: மகனுக்கு வீசிங் உண்டு. ஐந்து வயது.

முதலில் அவனை வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் காட்டி, அவர் சம்மதித்தால் மட்டும் கிளம்புங்கள். வறண்ட குளிர்காற்று இழுப்பைத் தூண்டும் என்பதால் மூக்கையும் வாயையும் மென்மையான கம்பளித் துணியால் தளர்வாகச் சுற்றிவிடுங்கள். தாகம் இல்லையென்றாலும் வெதுவெதுப்பான நீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். இன்ஹேலரைப் பெட்டியிலோ வண்டியிலோ விடாதீர்கள். குளிர்ந்துவிட்டால் அது சரியாகப் பீய்ச்சாது. உங்கள் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டோடு இருக்கட்டும்.