ப்ளக் பாயிண்ட் சந்தேகங்கள்: பத்துக் கேள்விகள், பத்துப் பதில்கள்

வீட்டு ஒயரிங் வேலையில் 24 வருஷமாக இருக்கிறேன். ப்ளக் பாயிண்ட் பற்றி என்ன சந்தேகமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பத்தாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, சமையலறையில் இண்டக்ஷன் அடுப்பு போடுகிற பாயிண்ட் பழுப்பேறிவிட்டது. ப்ளக்கைப் பிடுங்கினால் பின் கையைச் சுடுகிறது. எம்சிபி ஒருநாள்கூட விழவில்லை, அப்போ பயமில்லைதானே?

பதில்: தம்பி, முதலில் அந்த பாயிண்டை இன்றோடு நிறுத்துங்கள். எம்சிபி, அதாவது லைனைத் தானாக அணைக்கிற சுவிட்ச், விழவில்லை என்பதை வைத்துத் தைரியமாக இருக்க முடியாது. ஒயரில் அளவுக்கு மேல் கரண்ட் ஓடினாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழும். உங்கள் அடுப்பு 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்ஸ் எடுக்கும், 16 ஆம்ஸ் எம்சிபிக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனால் சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்விப் பிடிக்கிற பித்தளைத் தகடு தளர்ந்துபோய், தொடுகிற இடத்தில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு புள்ளியில் மட்டும் 38 வாட் சூடு கிளம்பும். ஈயத்தை உருக்குகிற சாதாரண சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றைச் சுவருக்குள் வைத்துக்கொண்டுதான் தினமும் தோசை சுடுகிறீர்கள், எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது.

இப்படி ஒரு போர்டைப் போன மாதம் கழற்றினேன். சாக்கெட்டின் பின்னால் இருந்த திருகு அரைச்சுற்றுதான் தளர்ந்திருந்தது. அதற்கே ஒயரின் தோல் ஒரு அங்குலத்துக்குக் கருகி, விரல் பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்த வீட்டம்மா இரண்டு வாரமாக "எங்கேயோ கருவாட்டு வாடை அடிக்குது" என்று அலமாரியெல்லாம் தேடியிருக்கிறார். சூடேறுகிற பிளாஸ்டிக் அப்படித்தான் மீன் வாடை அடிக்கும். போர்டுப் பக்கம் அந்த வாடை வந்தால் உடனே மெயினை அணையுங்கள்.

மாற்றும்போது சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது, ப்ளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். கருகிய பின்னைப் புதுச் சாக்கெட்டில் சொருகினால் அதையும் கெடுத்துவிடும். ஒயரின் கருகிய பகுதியை வெட்டிவிட்டு நல்ல செம்பு தெரிகிற இடத்தில் சீவி இறுக்கச் சொல்லுங்கள். இறுக்கியபின் ஒயரை ஒருதரம் இழுத்துப் பார்க்க வேண்டும், அவசரத்தில் பல பேர் விடுவது அதைத்தான்.

கேள்வி: பாலிடெக்னிக் மாணவன் சார். எர்த் பின் மட்டும் ஏன் தடியாகவும் நீளமாகவும் இருக்கிறது? நடுவில் பிளவு எதற்கு?

பதில்: நீளமாக இருப்பதால் சொருகும்போது எர்த் முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். பாடியில் கரண்ட் கசிகிற சாமானாக இருந்தாலும், கரண்ட் வருவதற்கு முன்பே அதற்குப் பூமிக்குப் போக வழி கிடைத்துவிடும். தடியாக இருப்பதால் தப்பித்தவறிக்கூட கரண்ட் வருகிற ஃபேஸ் ஓட்டையில் நுழையாது. பிளவு இருப்பதால் பின் கொஞ்சம் அமுங்கி விரிந்து தகட்டை இறுகப் பிடிக்கும். ஒரு துண்டுப் பித்தளையில் இவ்வளவு யோசனை அடங்கியிருப்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

நாம் பயன்படுத்துகிற வட்டப் பின் பிரிட்டனின் பிஎஸ் 546 என்ற பழைய தரத்தின் வழியில் வந்தது. நம் தரம் ஐஎஸ் 1293. பழைய 5, 15 ஆம்ஸ்தான் இப்போது 6, 16 என்று ஆகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போர் முடிந்து கட்டப்போகிற வீடுகளுக்கு என்ன சாக்கெட் வைக்கலாம் என்று பிரிட்டனில் ஒரு குழு உட்கார்ந்து யோசித்தது. அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். சிறு பிள்ளைகளின் விரலுக்கோ குச்சிக்கோ எட்டாதபடி சாக்கெட் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். 1947-இல் வந்த 13 ஆம்ஸ் சதுரப் பின் சாக்கெட்டில், நீளமான எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு ஓட்டையின் மூடியும் திறக்கும். இன்று நாம் ஷட்டர் என்று சொல்கிறோமே, அதுதான்.

கேள்வி: வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. எர்த் இல்லை என்று எலக்ட்ரீஷியன் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒரு சின்ன ஒயர் போட்டுவிட்டார். ஷாக் நின்றுவிட்டது. சரிதானா?

பதில்: இல்லைங்க. நான் பார்க்கிற தவறுகளிலேயே என்னை ரொம்பப் பயமுறுத்துவது இதுதான். இன்றைக்கு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், ஒழுங்காக இருப்பதால் ஷாக் நின்றிருக்கிறது. நாளைக்கு எங்கேயோ ஒரு நியூட்ரல் இணைப்பு விட்டுப்போனால், மெஷினுக்குள் போகிற ஃபேஸ் மோட்டார் வழியாக நியூட்ரலுக்கு வந்து, அந்தச் சின்ன ஒயரில் ஏறி நேராக மெஷினின் பாடிக்கு வந்து நிற்கும். 230 வோல்ட். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று தொடுகிற பாடி அது. ஃபேஸும் நியூட்ரலும் எங்காவது மாறிக் கிடந்தாலும் இதே கதிதான்.

அந்த இணைப்பை இன்றே எடுக்கச் சொல்லுங்கள், எர்த் சரியாகும்வரை மெஷினைப் போடாதீர்கள். ஒன்று, வீட்டுக்கே எர்த் குழி இல்லாமல் இருக்கும். அல்லது குழி இருந்து, ஒயர் இந்த போர்டுவரை வராமல் இருக்கும். மல்டிமீட்டர் வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தால் நல்ல எர்த்தில் 230-ஐ ஒட்டி வரும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் வரும். மீட்டர் மட்டும் போதாது, பலவீனமான எர்த்தும் அதில் நல்லதுபோலக் காட்டும். எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு ஓம் அளவு பாருங்கள்.

கேள்வி: ஆர்சிசிபி போட்டால் இந்தப் பிரச்சினையெல்லாம் தீர்ந்துவிடுமா?

பதில்: கரண்ட் கசிந்தால் லைனை அணைத்து உயிரைக் காப்பாற்றுகிற சுவிட்ச் அது, கட்டாயம் போடுங்கள், 30 மில்லி ஆம்ஸ் அளவில். ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்ஸைத் தொட்டால் 0.3 நொடிக்குள் அணைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்துவிட்டால் அதற்கு உங்களுக்கும் ஒரு பல்புக்கும் வித்தியாசம் தெரியாது. ஓவர்லோடையும் அது பார்க்காது, அதற்கு எம்சிபி வேண்டும். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இன்வெர்ட்டர் வைத்ததிலிருந்து ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. கழற்றிவிடச் சொல்கிறார்கள்.

பதில்: கழற்றாதீர்கள். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மற்ற லைனின் நியூட்ரலையும் எங்கேயோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். ஒரு வழியில் போன கரண்ட் வேறு வழியில் திரும்பினால் அது கசிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். நியூட்ரல்களைப் பிரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: பத்து மாதக் குழந்தை தவழ்கிறது. கடையில் விற்கிற பிளாஸ்டிக் அடைப்பான் வாங்கலாமா?

பதில்: அதைவிட ஷட்டர் உள்ள சாக்கெட்டாக மாற்றிவிடுங்கள், ஒரு பாயிண்டுக்கு ஆகிற செலவு பெரிதில்லை. கடையில் வாங்கும்போது ஓட்டைக்குள் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் மூடி தெரிந்தால் ஷட்டர் உண்டு, பித்தளை மின்னினால் இல்லை. அடைப்பான்கள் சாக்கெட்டின் அளவுக்குச் சரியாகப் பொருந்தாமல் தகட்டை விரித்துவிடுகின்றன, பிள்ளையே பிடுங்கி வாயிலும் போட்டுக்கொள்ளும். பிரிட்டனில் 2016-இல் சுகாதாரத் துறையே, மருத்துவமனைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கை விட்டது. ஷட்டரோடு வருகிற சாக்கெட்டை அவை பாதுகாப்புக் குறைந்ததாக ஆக்குகின்றன என்பதுதான் காரணம்.

இன்னொன்று, பெரியவர்கள் செய்வது. இரண்டு பின் சார்ஜர் நுழையவில்லை என்று எர்த் ஓட்டையில் பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ குத்தி ஷட்டரைத் திறப்பது. குழந்தை பார்த்துக்கொண்டேதான் இருக்கும். அதற்கு எது கிடைக்கிறதோ அதை எடுத்து அப்படியே செய்து பார்க்கும். தயவுசெய்து அதன் கண் முன்னால் செய்யாதீர்கள், அது இல்லாதபோதும் செய்யாதீர்கள். இரண்டு பின்னுக்கென்று தனி ஓட்டை உள்ள சாக்கெட் விற்கிறது.

கேள்வி: திருச்சியில் புது வீடு கட்டுகிறோம். எங்கே எத்தனை பாயிண்ட் வைக்கலாம்? வயதான மாமியார் எங்களோடு இருக்கிறார்.

பதில்: பூச்சு வேலைக்கு முன்னால் கேட்டீர்களே, நல்லது. நம் வீடுகளில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஊர்ந்து கிடப்பதற்குக் காரணம் பாயிண்ட் குறைவு என்பதைவிட, பாயிண்ட் இருக்கிற இடம் தவறு என்பதுதான். சுவரில் சாக்பீஸால் கட்டில், அலமாரி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிஜ அளவில் வரைந்துவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் நின்று இங்கே எதைச் சொருகுவேன் என்று யோசியுங்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் பாயிண்ட் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் வைத்தால் ராத்திரி ஒயரைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருக்கும். ஃப்ரிட்ஜுக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள், பக்கவாட்டில் கை எட்டும்படி வையுங்கள், ஏதாவது புகைந்தால் ஃப்ரிட்ஜை நகர்த்தவா நேரம் இருக்கும்?

தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மாமியார் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும். பிரிட்டனில் புது வீடுகளுக்கு 45 சென்டிமீட்டரிலிருந்து 120 சென்டிமீட்டர் வரை என்று அளவு வைத்திருக்கிறார்கள். அவர் அறையில் நான் 75-80 சென்டிமீட்டரில், கட்டிலில் உட்கார்ந்தபடியே கை போகிற இடத்தில் வைப்பேன். சுவிட்ச் பெரிதாக, இண்டிகேட்டர் விளக்கோடு இருக்கட்டும்.

சமையல் மேடைக்கு மேலே ஒரு ஜாண் உயரத்தில், அடுப்புக்கும் சிங்க்குக்கும் நேர் மேலே வராமல், குறைந்தது நான்கு பாயிண்ட். மிக்ஸி, கிரைண்டர், கெட்டில், இண்டக்ஷன் என்று எண்ணிப் பாருங்கள், நான்கும் நிரம்பிவிடும். எல்லாம் ஒரே லைனில் தொங்கக் கூடாது, இரண்டு எம்சிபியாகப் பிரியுங்கள். 16 ஆம்ஸ் பாயிண்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு, ஏசிக்கு 4. முன்னால் 16 ஆம்ஸ் சாக்கெட்டும் பின்னால் விளக்குக்குப் போடுகிற மெல்லிய ஒயருமாக ஒரு பளபளப்பான புது வீட்டில் நானே பார்த்திருக்கிறேன், அதனால் பிளேட் மூடுவதற்கு முன் கழற்றிக் காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: நான் இலங்கையில், வவுனியாவில் இருக்கிறேன் அண்ணா. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரின் வட்டப் பின்னை, எல்லாம் நுழையும் யுனிவர்சல் சாக்கெட்டில் போடுகிறோம். பாதுகாப்பா?

பதில்: இல்லை. எல்லாப் பின்னும் நுழைய வேண்டும் என்று செய்கிற சாக்கெட் எந்தப் பின்னையும் இறுக்கிப் பிடிக்காது. எர்த் பல நேரம் தொடுவதே இல்லை. முதல் கேள்வியில் சொன்ன சூடு இங்கேயும் வரும். உங்கள் ஊரில் இப்போது 13 ஆம்ஸ் சதுரப் பின்தான் தரம், அந்த ப்ளக்கின் வயிற்றுக்குள் ஒரு ஃபியூஸ் உண்டு. ஒரே ஒயர் எல்லாச் சாக்கெட்டையும் சுற்றிவிட்டு மெயின் போர்டுக்கே திரும்புகிற ரிங் சர்க்யூட் போட்ட வீட்டில் பிரேக்கர் 32 ஆம்ஸ் வரை இருக்கும், கிரைண்டரின் மெல்லிய ஒயர் எரிந்தாலும் அது விழாமல் போகலாம், அந்த ஒயருக்கு உள்ள ஒரே காவல் ப்ளக்கில் இருக்கிற ஃபியூஸ்தான். வட்டப் பின்னை வெட்டிவிட்டு நல்ல 13 ஆம்ஸ் ப்ளக் டாப் மாட்டுங்கள். உள்ளே 13 ஆம்ஸ் ஃபியூஸை அப்படியே விடாமல், கிரைண்டரின் வாட்டுக்குத் தகுந்தபடி 3 அல்லது 5 ஆம்ஸ் போடுங்கள்.

கேள்வி: யுஎஸ்பி பாயிண்ட் உள்ள சாக்கெட் போடலாமா?

பதில்: ஒன்றிரண்டு போடலாம், வீடு முழுக்க வேண்டாம். நல்ல சாக்கெட் 20 வருஷம் நிற்கும், அதற்குள் செல்போன் சார்ஜர் எத்தனை தடவை மாறிவிட்டது பாருங்கள். ஒன்று பழுதானாலும் சுவரைத்தான் திறக்க வேண்டும்.

கேள்வி: வாடகை வீடு, 30 வருஷப் பழைய ஒயரிங். ஓனர் எதுவும் செய்ய மாட்டார். நான் என்ன செய்யலாம்?

பதில்: ஒயரிங்கை மாற்ற முடியாவிட்டாலும் பழக்கத்தை மாற்றலாம். அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஹீட்டர் போன்ற சூடு சாமான்களை எக்ஸ்டென்ஷனில் போடாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் ஓடட்டும். பத்து நிமிஷம் ஓடியபின் அணைத்துவிட்டு, ப்ளக்கைக் கழற்றி அதன் பிளாஸ்டிக் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் கவனம், சுட்டால் அந்தப் பாயிண்டை விட்டுவிடுங்கள். பாத்ரூம் வாசலில் எர்த் இல்லாத வாட்டர் ஹீட்டர் ராடு வைத்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுப்பில் வெந்நீர் வையுங்கள். மெயினுக்குப் பக்கத்தில் ஒரு ஆர்சிசிபி மாட்ட ஓனரிடம் அனுமதி மட்டும் கேளுங்கள், செலவு உங்களுடையது என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வீட்டைக் காலி செய்யும்போது அதைக் கழற்றி எடுத்துப் போய்விடலாம்.