தேட ஆளில்லாதவர்கள்: குற்றவியல் கேள்வி பதில்

குற்றவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தொடர் கொலைகாரர்கள் யாரைக் குறிவைக்கிறார்கள் என்று மதுரை வட்டார நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

மேலூர் கல்லூரி மாணவி: ஐயா, ஒரே சாயலுள்ளவர்களைத்தான் கொல்வார்கள் என்கிறார்களே?

சிலர் அப்படித்தான். ஆனால் சாயலைவிட வாய்ப்பு பெரிது அம்மா. 1979-இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். குற்றத்துக்குத் துணிந்தவன், கைக்கு எட்டும் இலக்கு, காவலுக்கு ஆளில்லாத நிலை: மூன்றும் ஓரிடத்தில், ஒரே வேளையில் கூட வேண்டும். காவல் என்றதும் காக்கிச்சட்டையை நினைக்காதீர்கள். விடிகாலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணியில் பூ மூட்டை இறக்குபவரும் டீ ஆற்றுபவரும்கூடக் காவல்தான். "கூட வந்திருப்பது யாரம்மா?" என்று கேட்க ஒரு வாய் இருந்தாலே அவன் கணக்கு தடுமாறும்.

உசிலம்பட்டி வாசகர்: நம் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

கர்நாடகத்தின் 'சயனைட்' மோகன். தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவன். 2003 முதல் 2009 வரை 20 பெண்களைக் கொன்றதாக வழக்குகள். 2013-இல் மங்களூரு நீதிமன்றம் முதலில் தண்டித்தது.

வரதட்சணைக்கு வழியில்லாமல் கல்யாணம் தள்ளிப்போன பெண்களாகப் பார்த்து நெருங்குவான். வரதட்சணையே வேண்டாம் என்பான். வெளியூரில், லாட்ஜில் ஓர் இரவு. காலையில் நகையை அறையிலேயே கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு, பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போவான். கருத்தடை மாத்திரை என்று சயனைடைக் கையில் கொடுத்து, கழிப்பறைக்குள் போய் விழுங்கச் சொல்வான். உள்ளே தாழிட்ட கதவு. பெயர் தெரியாத உடல். அந்த ஊர்ப் போலீஸ் ஏட்டில் தற்கொலை என்றோ சந்தேக மரணம் என்றோ ஒரு வரி.

மகள் யாரோடோ போய்விட்டாள் என்று நம்பிய வீடுகள் பல, வெட்கத்தில் புகாரே கொடுக்கவில்லை. எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியும், இந்த இடத்துக்கு வந்தால் எனக்குக் குரல் அடைக்கும். அவன் நம்பியிருந்தது சயனைடை மட்டுமல்ல, அந்த வெட்கத்தையும்தான்.

திருமங்கலம் வாசகர்: மேல்நாட்டிலும் இப்படித்தானா?

ஆமாம். 2003-இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்ட அமெரிக்கன் கேரி ரிட்ஜ்வே, பாலியல் தொழிலாளிகளைத் தேர்ந்தெடுத்த காரணத்தை நீதிமன்றத்திலேயே சொன்னான்: அவர்களை எளிதாக அழைத்துப் போகலாம், காணவில்லை என்று உடனே யாரும் புகார் தர மாட்டார்கள். உயிரோடு இருக்கும்போதே சமூகம் கணக்கில் வைக்காதவர்கள், செத்தாலும் முழுதாகச் செத்தவர்களாக எண்ணப்படுவதில்லை என்பது ஸ்டீவன் எக்கர் என்ற அறிஞரின் கருத்து.

மதுரை செவிலியர்: இந்தக் கோட்பாடு சறுக்கும் இடம் உண்டா?

உண்டு. காவலாக இருக்க வேண்டியவனே கொலைகாரன் என்றால்? இங்கிலாந்து மருத்துவர் ஹரால்ட் ஷிப்மேன் தன்னிடம் வந்த நோயாளிகளையே கொன்றான். பெரும்பாலும் வயதான பெண்கள். 2002-இல் விசாரணை ஆணையம் கணக்கிட்டது 215 பேர்.

அவனியாபுரம் வாசகி: எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்ணை ஒரு வாரமாகக் காணோம். ஊரும் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

நீங்களே புகார் கொடுக்கலாம் அம்மா. சொந்தக்காரராக இருக்கத் தேவையில்லை. 24 மணி நேரம் கழித்து வாருங்கள் என்றால், அப்படி ஒரு சட்டம் இல்லை என்று சொல்லுங்கள். கடைசியாகக் கட்டியிருந்த சேலையின் நிறம், கைபேசி எண், யாருடைய வண்டியில் ஏறினாள் என்பதையெல்லாம் மறப்பதற்கு முன் எழுதி வையுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். மேஸ்திரியைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். இன்றே போங்கள்.