சிட்டி காலேஜ் 1950 புரோகிராம்: "சாம்பியன் பட்டத்தைப் பறிச்சுட்டாங்க"ன்னு சொல்ற புரோக்கரை நம்பாதீங்க

கேள்வி: சார், நான் நியூ ஜெர்சியில இருக்கேன். எங்க ஹவுஸ் ஓனர் பெரியவர் நியூயார்க் சிட்டி காலேஜ்ல படிச்சவர், போன வருஷம் தவறிட்டார். வீட்டைக் காலி பண்ணும்போது அவர் பொண்ணு ஒரு பழைய பாஸ்கெட்பால் புரோகிராம் புக்கை, அதான் மேட்ச் அன்னைக்கு விக்கற புக்கை, எனக்குக் குடுத்தாங்க. மேடிசன் ஸ்கொயர் கார்டன் (நியூயார்க்ல மேட்ச் நடக்கற அரங்கம்), மார்ச் 1950, உள்ள சிட்டி காலேஜ், பிராட்லி ரெண்டு டீம் லிஸ்ட்டும் இருக்கு. பென்சில்ல 71-68ன்னு எழுதியிருக்கு, அட்டையில ஒரு கையெழுத்து. ஒரு புரோக்கர் பாத்துட்டு, "இது சூதாட்டக் கேஸ்ல சிட்டி காலேஜ்கிட்ட இருந்து பறிச்ச சாம்பியன் பட்டம், நீங்களா விக்க முடியாது, 400 டாலர் கட்டி சர்டிபிகேட் வாங்கணும், புக்கை வச்சுட்டுப் போங்க"ங்கறார். என்ன பண்ணட்டும்?

பதில்: முதல்ல புக்கை அவர்கிட்ட குடுக்காதீங்க. குடுத்திருந்தா இன்னைக்கே போய் வாங்கிட்டு வாங்க, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

பட்டத்தை யாரும் பறிக்கல. 1950 சாம்பியன் யாருன்னு அமெரிக்கக் காலேஜ் விளையாட்டை நடத்தற என்.சி.ஏ.ஏ. சங்கத்தோட ரெக்கார்டைப் பாத்தா இன்னைக்கும் சிட்டி காலேஜ்தான் இருக்கு. அந்த ஒரே மார்ச் மாசத்துல என்.சி.ஏ.ஏ. கப், என்.ஐ.டி.ங்கற இன்னொரு காலேஜ் கப், ரெண்டையும் ஜெயிச்ச டீம் அது, அதுக்கு முன்னயும் கிடையாது பின்னயும் கிடையாது. கோச் நாட் ஹோல்மன், பீஸ் இல்லாத கவர்மென்ட் காலேஜ், சீசன் முடிவுல ரேங்க் லிஸ்ட்லயே பேர் இல்ல, அந்தப் பசங்க போய் பெரிய டீமான கென்டக்கியை 89-50ன்னு போட்டுத் துவைச்சாங்க.

சூதாட்டக் கேஸ் உண்மைதான், ஆனா அது வெடிச்சது அடுத்த வருஷம், 1951 பிப்ரவரி. பிலடெல்பியாவுல ஆடிட்டு ரயில்ல திரும்பி வந்த பசங்களை பென் ஸ்டேஷன்ல வச்சுப் பிடிச்சாங்க. பந்தயம் கட்டுறது யார் ஜெயிப்பாங்கன்னு இல்ல, எத்தனை பாயிண்ட் வித்தியாசத்துலன்னு. அதனால பத்து பாயிண்ட்ல ஜெயிக்கவேண்டிய மேட்சை நாலு பாயிண்ட்ல ஜெயிச்சுக் குடு, பணம் தரேன்னு பேரம், அவ்வளவுதான் விஷயம். கணக்கெடுத்தப்ப 7 காலேஜ், 32 பசங்க, 86 மேட்ச்னு வந்துச்சு. பணம் குடுத்த சொலாஸோங்கற நகை வியாபாரி ஜெயிலுக்குப் போனான், சரி. ஆனா 20, 21 வயசுப் பசங்களுக்கு சம்பளத்துக்கு ஆடற என்.பி.ஏ. லீக் கதவு ஆயுசுக்கும் சாத்தியாச்சு, எத்தனை பாயிண்ட் வித்தியாசம்னு தினம் பேப்பர்ல போட்டவங்களுக்கும், அந்தக் கூட்டத்தை வச்சு டிக்கெட் வித்த கார்டனுக்கும் எந்தக் கேஸும் வரல. இதைப் பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது, விடுங்க.

உங்க புரோக்கர் கேக்காத முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு. எந்த ராத்திரி புக் இது? சிட்டி காலேஜும் பிராட்லியும் அதே கார்டன்ல பத்து நாள்ல ரெண்டு பைனல் ஆடினாங்க. மார்ச் 18 என்.ஐ.டி., ஸ்கோர் 69-61. மார்ச் 28 என்.சி.ஏ.ஏ., 71-68. ரெண்டுலயும் அதே பேரு, அதே இடம், வாங்குறவங்கள்ல பாதிப் பேர் இதுலதான் ஏமாந்து போறாங்க. உங்க பென்சில் நம்பர் ரெண்டாவது ராத்திரியைச் சொல்லுது, கடைசி நிமிஷத்துல பிராட்லி ஆள் மெல்கியோரே ஷாட்டை சிட்டி காலேஜ் டாம்ப்ராட் தடுத்து தன் டீம் மேகர்கிட்ட எறிஞ்ச மேட்ச். ஆனா பென்சில் இன்னைக்கும் கடையில கிடைக்குதே. அதனால பக்கத்தைப் புரட்டி அன்னைக்கு அதுக்கு முன்ன நடந்த மேட்சுக்கு ஏதாவது குறிச்சிருக்கான்னு பாருங்க, மூணாவது இடத்துக்கு நார்த் கரோலினா ஸ்டேட்டும் பேய்லரும் ஆடினது, 53-41. போலி பண்றவன் பைனல் ஸ்கோரோட நிறுத்திப்பான், நிஜமா சீட்ல உக்காந்து பாத்தவன்தான் முதல் மேட்சையும் கிறுக்கியிருப்பான்.

அப்புறம் விளம்பரப் பக்கங்களைப் படிங்க. அட்ரஸ்ல "நியூயார்க் 19"ன்னு ரெண்டு இலக்கத் தபால் நம்பர் இருந்தா சரி. அஞ்சு இலக்க ஜிப் கோட் இருந்தா மூடி வச்சுடுங்க, அது வந்ததே 1963லதான். வட்டமான கார்டன் கட்டடம் படமா இருந்தாலும் அதே கதைதான், அது 1968ல திறந்தது, இந்த மேட்ச் நடந்தது எட்டாவது அவென்யூல இருந்த பழைய கார்டன்ல. "டிவிஷன் ஒன்"னு எங்கயாவது அச்சடிச்சிருந்தா சிரிச்சுட்டு வாங்க, காலேஜ் டீம்களை அப்படிப் பிரிக்கறது அப்ப கிடையாது.

கையெழுத்துதான் கொஞ்சம் சிக்கல், பொறுமையா கேளுங்க. மையை லென்ஸ் வச்சுப் பாருங்க. பவுண்டன் பேனாவோ பால்பாயின்ட்டோ இருந்தா காலத்துக்கு ஒத்துப்போகுது, பால்பாயின்ட் 1945லயே நியூயார்க் கடைக்கு வந்தாச்சு. தடியா ஷார்ப்பி மார்க்கர் பேனா மாதிரி இருந்தா 1950ல போட்டது இல்ல, ஷார்ப்பி வந்தது 1964. ஆனா உடனே போலின்னு தூக்கிப் போட்டுடாதீங்க! ஹோல்மன் 98 வயசு இருந்து 1995லதான் போனார், டாம்ப்ராட் 2010 வரைக்கும் இருந்தார். உங்க பெரியவர் இருபது முப்பது வருஷம் கழிச்சு பழைய ஸ்டூடன்ட்ஸ் கூடினப்ப புக்கை எடுத்துட்டுப் போய் வாங்கியிருக்கலாம். அப்படின்னா கையெழுத்து நிஜம், தேதி மட்டும் வேற, விக்கும்போது "1950ல போட்டது"ன்னு சொல்லக்கூடாது, அவ்வளவுதான். புரோக்கர்கள் இங்கதான் ரெண்டு பக்கமும் விளையாடுவாங்க, உங்ககிட்ட வாங்கும்போது "பின்னாடி போட்டது, மதிப்பில்ல"ம்பாங்க, அடுத்தவன்கிட்ட விக்கும்போது "அன்னைக்கு ராத்திரியே போட்டது"ம்பாங்க. பெரியவர் பொண்ணுகிட்ட கேளுங்க, அப்பா எப்பயாவது அப்படிப் போனாரான்னு. அவங்க ஒரு வரி எழுதிக் குடுத்து, கூட அப்பாவோட காலேஜ் போட்டோ ஒண்ணும் இருந்தா, அந்த 400 டாலர் சர்டிபிகேட்டை விட எனக்கு அதுதான் பெருசு.

தன் சொந்தப் புக்கை விக்கற தனி ஆள் சர்டிபிகேட் இல்லாம விக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சு சட்டம் கிடையாது. நல்ல ஏலக் கம்பெனி போட்டோவைப் பாத்து சும்மாவே கருத்து சொல்லும், சர்டிபிகேட் வேணும்னா அதுவே அனுப்பி வாங்கி வித்த காசுல கழிச்சுக்கும். எனக்கே ஒரு தடவை ஒருத்தர் ரெண்டு பக்க சர்டிபிகேட் குடுத்தார், உள்ள வருஷத்தையே தப்பா போட்டிருந்தார், காசு திரும்பி வரல. கமிஷன் எத்தனை சதவீதம், வாங்குறவன்கிட்ட தனியா எவ்வளவு பிடிக்கறாங்க, விக்கலைன்னா திருப்பி அனுப்பற செலவு யாருது, மூணையும் எழுத்துல வாங்கிக்கோங்க. வாயால சொல்றது எதுவும் கணக்குல வராது.

அதுவரைக்கும் செல்லோடேப் ஒட்டாதீங்க, லேமினேட் பண்ணாதீங்க, அந்தப் பென்சில் கிறுக்கலை ரப்பரால தொடவே தொடாதீங்க. அட்டை, ஸ்கோர் பக்கம், ஒரு விளம்பரப் பக்கம், மூணையும் வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்.