ஹார்ன் ஸ்பீக்கர் பெட்டிக்கு எந்த டிரைவர்?

கேள்வி: பழைய பாடல்கள் கேட்பதற்காக, ஒரு ஜோடி ஹார்ன் ஸ்பீக்கரை வீட்டிலேயே செய்ய விரும்புகிறேன். பிளைவுட் உட்பட எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. மைக் செட் கடையில் பழைய ஹார்ன் யூனிட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. பெரிய காந்தம் வைத்த எட்டு அங்குல ஸ்பீக்கர்களும் உள்ளன. எதை வாங்கலாம்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மைக் செட் யூனிட்டை முதலிலேயே விலக்கிவிடுங்கள். திருவிழாவில் தெருக்கோடிவரை பேச்சு கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட அதனிடம் மிருதங்கத்தின் தொப்பி ஒலியை எதிர்பார்க்க முடியாது. கட்டாயப்படுத்தினால் அதிலுள்ள மெல்லிய அதிர்தகடான டயாஃப்ரம்தான் கெடும். முன்புற ஒலி நேராக அறைக்குள் வர, பின்புற ஒலி பெட்டிக்குள் மடித்த பாதை வழியே விரிந்து வெளியேறும் அமைப்பே உங்களுக்கு ஏற்றது. அதற்கு ஒரு பெட்டிக்கு ஒரு ஃபுல்ரேஞ்ச் டிரைவர், அதாவது தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை தானே தரும் ஸ்பீக்கர் யூனிட், போதும்; ஒலியைப் பல யூனிட்டுகளுக்குப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரின் செலவும் மிச்சமாகும்.

காந்தத்தின் பருமனைக் கண்டு மயங்க வேண்டாம். கம்பிச்சுருள் (காயில்) அசையும் குறுகிய இடைவெளியில் காந்தப்புலம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதே முக்கியம். அதை ஓரளவு காட்டுவது, டிரைவரின் விவரக் குறிப்பில் உள்ள க்யூ.டி.எஸ். (Qts) என்ற எண்; புலம் வலுவாக இருந்தால் இந்த எண் குறையும். ஹார்னுக்கு அது 0.2 முதல் 0.4 வரை இருப்பது நல்லது, 0.6ஐத் தாண்டிய டிரைவரை ஹார்னில் பொருத்தினால், தாழ்ந்த ஒலி குடத்துக்குள் பேசுவது போலாகிவிடும். ஒத்திசைவு அதிர்வெண்ணை, அதாவது கோன் இயல்பாகவே அதிகம் அதிரும் அதிர்வெண்ணை, அதே குறிப்பில் உள்ள க்யூ.இ.எஸ். (Qes) எண்ணால் வகுத்துப் பார்ப்பதும் உதவும். 55 ஹெர்ட்ஸை 1.1ஆல் வகுத்தால் வருவது 50. அது மூடிய பெட்டிக்கான டிரைவர். 60ஐ 0.4ஆல் வகுத்தால் 150. அதைத் தயங்காமல் வாங்கலாம்.

தாழ்ந்த ஒலி மீதான ஆசைக்கும் ஓர் எல்லை உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 6.9 மீட்டர் என்பதால், திறந்த வெளியில் அதற்குரிய ஹார்ன் வாயின் (ஒலி வெளியேறும் திறப்பின்) பரப்பு 3.8 சதுர மீட்டர் ஆகிவிடும்; தரையும் இரு சுவர்களும் சேரும் மூலையில் வைத்தால் அதில் எட்டில் ஒரு பங்கு போதும். அந்த அளவுக்கும் உங்கள் தொகைக்குள் பிளைவுட் வாங்க இயலாது. 70 ஹெர்ட்ஸோடு நிறைவடையுங்கள்.

நம் கடற்கரைக் காற்றில், கோனைச் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பை) சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு நிலைப்பதில்லை. புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் நான் ஆசையோடு வாங்கிய பழைய ஜோடியின் விளிம்பு, வீட்டில் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. துணி அல்லது ரப்பர் விளிம்பையே தேர்ந்தெடுங்கள். கடையிலேயே, கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் கோணியிருக்கிறது. எட்டு ஓம் டிரைவர் மல்டிமீட்டரில் ஏறத்தாழ ஆறு, ஆறரை ஓம் காட்ட வேண்டும்.

எண்கள் அச்சிடப்படாத டிரைவராயின், வாங்குமுன் சோதித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். சிறிய ஆம்ப்ளிஃபயருக்கும் டிரைவருக்கும் இடையே 1,000 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து, கைப்பேசிச் செயலியில் 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றினால், டிரைவர் முனைகளில் ஏ.சி. வோல்ட் உச்சம் காட்டும் இடமே ஒத்திசைவு அதிர்வெண். இரு டிரைவர்களிலும் அந்த உச்சம் 10 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகி நின்றால், அவற்றை ஜோடியாக வாங்காதீர்கள்.